பெரியம்மாவின் மஞ்சள் சேலை

அன்பு மகன் மகேஷ்குமாருக்கு அம்மா எழுதுவது. ஆத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், டொரன்டோவில் நீயும் பிரீத்திகாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதி, இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி அப்பாவிடம் சொல்கிறேன்.

பெரியப்பா அறுபதாம் கல்யாணத்துக்குப் பழைய போட்டோவைச் சரி பண்ணித் தருகிறேன் என்று நீயாகத்தான் கேட்டு வாங்கினாய். நீ அனுப்பியதை நாங்களும் உன்னை நம்பி, பெரிசாக்கிக்கூடப் பார்க்காமல் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டோம். நேற்று மண்டப வாசலில் கட்டினார்கள், பார்த்தால் பெரியம்மா வெள்ளைச் சேலையில் நிற்கிறாள். கழுத்தில் கிடக்கிற தாலிக்கயிறுகூட வெளுத்துவிட்டது. பக்கத்தில் புருஷன் நிற்கிறார், அவர் முகமெல்லாம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

அப்பா உன்னைக் கேட்டதற்கு, பழைய படமென்றால் மஞ்சளடித்துப் போகும், கம்ப்யூட்டரில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினால் மற்ற நிறமெல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதனால் சேலையைத் தொட்டேன் என்றாயாமே. அது வெள்ளையென்று உனக்கு யார் சொன்னது? விருதுநகரில் பிறந்தவன்தானே நீ, பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள் என்ன உடுத்துவார்கள் என்று தெரியாதா? நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்துப் பெரியப்பா உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாலி தங்கினால் சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அவர் பிழைத்தார். சட்டி எடுத்த அன்றைக்குப் பிடித்த படம் அது, மஞ்சள் தண்ணீரில் முக்கி உடுத்திய சேலை. வெள்ளை உடுத்திவிடக் கூடாதென்று உடுத்தியவளுக்கே நீ வெள்ளை உடுத்திவிட்டாய். வெள்ளைதான் வேண்டுமென்றால் படத்தில் பெரியப்பா கையில் காயத்துக்குப் போட்ட இம்புட்டுப் பெரிய கட்டு இருக்கிறதே, அதைத் தொட்டால் ஆகாதா? சந்தேகமிருந்தால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

பெரியப்பா சிரித்துக்கொண்டேதான் பேனரை அவிழ்க்கச் சொன்னார். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், இது படத்தைப் பார்த்துப் பயப்படுதே என்று அவளைக் கேலிகூடப் பண்ணினார்.  அவள் ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் அவர் டீக்கடைக்குப் போனபோது பின்னாடியே போய் நின்றிருக்கிறாள். இப்போது என்னிடம் வந்து, வருகிற பங்குனிக்கு மறுபடியும் தீச்சட்டி எடுக்கப் போகிறேன் என்கிறாள். முட்டி வலியில் நாலு படி ஏறமுடியாதவள். எம்புட்டோ சொல்லிப் பார்த்தேன், ஆத்தாளிடம் சொல்லிட்டேன், இனி மாத்தமுடியாது என்கிறாள்.

ஒழுங்காக இன்றைக்கே அந்தச் சேலையை மஞ்சளாக்கி அனுப்பு, நாளைக்குள் வேறு பேனர் அடிக்க வேண்டும். பெரியம்மாவிடம் நீயே பேசு, மெசேஜ் போட்டுத் தப்பிக்காதே. பங்குனிக்கு லீவு சொல்லி டிக்கெட் போடு. தார் ரோட்டில் அவள் கால் சுடாமல் குடத்தோடு கூடவே நடந்து தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அது நீதான். லீவு இல்லை, அது இல்லை என்று என்னிடம் சொல்லாதே.

நீயும் உன் பெண்டாட்டியும் நூறு வயசு இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. வரும்போது மஞ்சள் வேட்டி வாங்க வேண்டாம், இங்கே நான் எடுத்து வைக்கிறேன்.

கோபம் தீராத உன் அம்மா,
லட்சுமிகாந்தம்