கடப்பாக்கல் மேல் ஓடிய விரல்

நீ இருந்தவரை வாய் நிறையக் கூப்பிடாத அத்தை இப்போது கூப்பிடுகிறேன், என் கண்ணே தனலட்சுமி,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படையல் போட்டோம். வஞ்சிரம் கிடைக்கவில்லை, சங்கராதான் வறுத்து வைத்தேன். உன் மகள் யாழினி ஆறாவது போகிறாள். உன் புருஷன், நான் பெற்ற பிள்ளை, இப்போதும் சட்டையைக் கழற்றிக் கதவு மேல்தான் போடுகிறான். கேட்க ஆளில்லை என்ற தைரியம்.

போன வாரம் யாழினி படிப்புக்காக ஒரு டேப்லெட் வாங்கி வந்தான். மேலே ஒட்டியிருந்த தாளை உரித்ததும் அவள் என்னிடம்தான் முதலில் நீட்டினாள். தொட்டேன். சில்லென்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் என் விரலின் சூட்டை வாங்கிக்கொண்டது. தள்ளினால் தடையே இல்லை, விரல் தானாகப் போகிறது. கம்பெனிகள் வருவதற்கு முன்னால் சூளையில் செங்கல் அறுத்த விரல் இது. தொட்டதெல்லாம் உரசியே பழக்கம். இப்படி வழிவிட்ட பொருள் எதையும் நான் தொட்டதில்லை.

ஆனால் அது என்னைக் கண்டுகொள்ளவில்லை. பத்துத் தடவை தொட்டும் ஒன்றும் திறக்கவில்லை. ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான், என் ரேகையை ஏற்காது. நாலு பேர் முன்னால் "இன்னொரு விரலை வைம்மா" என்று அந்த ஆள் சலித்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. யாழினிதான் விரலில் வாயால் ஊதிவிட்டு வைக்கச் சொன்னாள். ஊதி வைத்தேன், திறந்தது.

நீ கம்பெனியில் தொட்டுப் பார்த்து அனுப்பியதெல்லாம் இந்த மாதிரிக் கண்ணாடிதானா? உன் விரல் பட்டது இதிலும் இருக்குமோ என்று கேட்டேன். இது போன மாதம்தான் செய்திருப்பார்கள், வாய்ப்பே இல்லை என்று பரிமளா சொல்லிவிட்டாள். எனக்கும் தெரியும். ஆனாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

பரிமளாவை நீ மறந்திருக்க மாட்டாய். உன் லைனில் பக்கத்தில் நின்றவள், ஒரே பஸ்ஸில் சுங்குவார்சத்திரம் வரை உன்னோடு வந்தவள். படையலுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு டேப்லெட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் பேசிக்கொண்டே நாலு மூலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு, மறுபடி குறுக்கே ஒரு கோடு. கடைசியில் நடுவில் இரண்டு தட்டு.

என் கையிலிருந்த குழம்புக் கிண்ணம் சாய்ந்துவிட்டது. இன்னாடி பண்றே என்று கேட்டேன்.

"டச் டெஸ்டும்மா. மூலையும் குறுக்கும் ஒழுங்கா வேலை செஞ்சா நடுவுல ரெண்டு தட்டு, பாஸ்னு அர்த்தம். ஷிஃப்டு முச்சூடும் அதேதான். வூட்டுக்கு வந்தாலும் விரல் நிக்காது. எங்க வூட்டுக்காரர் முதுகுலயே பண்ணிக்கினு இருப்பேன், அவரு இன்னும் பாஸ் ஆவல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய் நம் கடப்பாக்கல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணமாகி வந்த முதல் மாதம். ஷிஃப்டு முடிந்து வந்தவள் டீ கொதிக்கும்வரை இந்த மேடையோரம் நின்றாய். நான் அப்போதுதான் தேய்த்துக் கழுவியிருந்தேன். நீ விரலால் நாலு மூலையும் தொட்டு, குறுக்கே இழுத்து, நடுவில் தட்டினாய். தூசி பார்க்கிறாள், என் வேலையில் குறை தேடுகிறாள் என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். பீரோக் கதவில் செய்தாய், டிவி மேல் செய்தாய், சாப்பாட்டு மேசையில் செய்தாய். எது எந்தக் கிழமை என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

"என் மருமக சூப்பர்வைசரு. ஃபேக்டரில இல்ல, என் வூட்ல" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். பன்னிரண்டு வருஷம் அந்தக் கல்லை நான் தேய்த்த தேய்ப்பு உனக்குப் பயந்து இல்லை, வீம்புக்கு. "இன்னாத்தே, மூஞ்சி தெரியுற மாதிரி பளபளன்னு கீது" என்று ஒருநாள் சொன்னாய். குத்திக்காட்டுகிறாய் என்று மூன்று நாள் உன்னிடம் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று நீயும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் மட்டும் நான் சொல்லியிருப்பேனா?

இப்போது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருகிறேன். டெங்கு என்றார்கள், இரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். "அத்தே, கைய குடுங்க" என்றாய். கொடுத்தேன். என் உள்ளங்கையில் உன் விரலை வைத்தாய், நெருப்பாகச் சுட்டது. ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு தொடல், சுண்டுவிரல் அடியில் ஒன்று, மணிக்கட்டுப் பக்கம் இரண்டு. குறுக்கே ஒரு கோடு. மறு கோடு பாதி வரும்போது நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"கழுவிக்கினுதான் வந்துகீறேன்" என்றேன்.

நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நீ என்னைப் பார்த்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். சாயங்காலம் நீ இல்லை.

காய்ச்சலில் விரல் தானாக ஓடியதா, வேண்டுமென்றே செய்தாயா? நடுவில் இரண்டு தட்டு தட்டுவதாக இருந்தாயா, தனம்? இந்தக் காய்த்துப்போன கையைப் பாஸ் போடுவதாக இருந்தாயா? அதை நீ சொல்லாமல் போகவில்லை. நான் சொல்ல விடவில்லை.

ஒன்று மட்டும். உன் வளைகாப்பில் உன் அம்மா எனக்குப் பூசுவதற்கு முன்னால் உன் சித்திக்குச் சந்தனம் பூசினதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு, இதோடு சேர்க்காதே.

ஐந்தாவது வரை படித்த கை, எழுத்து கோணலாக இருக்கும். பரிமளா இதைக் கொண்டுபோய் பஸ்ஸில் உன் லைன் பெண்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறாளாம். காட்டட்டும். ஊர் கேட்க உன்னைப் பேசினேன், ஊர் கேட்கவே இதையும் சொல்கிறேன். தப்பு என்னுடையது.

இனி ஒவ்வொரு நாளும் யாழினி பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவள் உள்ளங்கையில் நாலு மூலையும் தொட்டு, இரண்டு கோடும் இழுத்து, நடுவில் இரண்டு தட்டு தட்டித்தான் அனுப்புவேன். நேற்று ஆரம்பித்தேன், கூசுகிறது என்று சிரித்தாள். நான் அங்கே வருகிற அன்றைக்கு முதலில் உன்னிடம்தான் கையை நீட்டுவேன். இழுக்க மாட்டேன். நீ விட்ட இடத்திலிருந்து ஆரம்பி.

உன் அத்தை,
யாழினியின் ஆயா,
கன்னியம்மாள்