நைனாவின் கையெழுத்து

அறிவுமதியின் நைனாவுக்கு,

நலம் விசாரிக்கிற உரிமை எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை.

அறிவுமதி ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பள்ளியில் கடற்கரைச் சாலைச் சுற்றுலாவாம், சம்மதப் படிவம் கொண்டுவந்தாள். ஆலம்பரைக் கோட்டை, மாமல்லபுரம், முட்டுக்காடு படகுச் சவாரி. ஆறு வருடத்துக்கு முன்பு இவள் அண்ணன் வளவன் கொண்டுவந்த படிவத்திலும் இதே மூன்று இடங்கள், இதே வரிசை.

அன்றைக்கு அந்த பஸ் முட்டுக்காட்டுக்குப் போகவே இல்லை. மாமல்லபுரத்தோடு திரும்பிவிட்டது.

"நம்ம செஞ்சியில இல்லாத கோட்டையாடா? அங்க போய் இன்னா பாக்கப்போற? கடல் பக்கம் வேணாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் அவலூர்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பினீர்கள். வளவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் உங்கள் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்தேன்.

கடலிலிருந்து எடுத்துவந்து அவனை வாசலில் கிடத்தியிருந்தபோது உங்கள் அண்ணன், "எவன்டா கையெழுத்து போட்டது?" என்று கத்தினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நான்தான்" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் பேசிய பேச்சு தாங்காமல் நீங்கள் வீட்டை விட்டுப் போனபோதும் திறக்கவில்லை.

நேற்று சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன்.

"நைனா போட்டாதான் போவேன்" என்கிறாள் இவள். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போடுவதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம். எதுவானாலும் தபாலில் அனுப்பாதீர்கள், நீங்களே வந்து அவள் கையில் கொடுங்கள்.

தந்தை கையெழுத்து என்கிற இடத்தை நான் தொடவில்லை.

இப்படிக்கு,
வளவனின் அம்மா