அப்பாவின் கண் இரண்டு முறை மஞ்சளானது

என்னைப் பாப்பா என்று மட்டுமே கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரியப்பா கதவுக்குக் குறுக்கே படுத்திருக்கிறார். நீ போன பிறகு நானும் அம்மாவும் அவர் வீட்டில்தான் இருக்கிறோம்.

அம்மாவுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது அப்பா.

உனக்கு வந்த டிபி அவளுக்கும் வந்துவிட்டது. ஊருக்கு வந்துபோகும் நர்ஸ் அக்கா கொடுத்த டிபி மாத்திரையில் இருமல் குறைந்திருந்தது. இப்போது சாமைக் கஞ்சியைப் பார்த்தாலே குமட்டுகிறாள். மழைக்குப் பிறகு கீழ்த்தெருப் பிள்ளைகள் சிலருக்கும் காமாலை. கிணற்றுத் தண்ணீரால் என்கிறார்கள். அதனால் பெரியப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

"ஊரு பூரா வந்துக்கீது, உங்கம்மாவ மட்டும் வுட்டுடுமா? வைத்தியர்கிட்ட தழை வாங்கியாறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் பெரிப்பா."

"போயி இன்னான்னு சொல்லுவ? டிபின்னா? எம் பொண்ணப் பாக்க நெல்லிவாசல்லேர்ந்து வர்றாங்க. வாயத் தொறந்தீன்னா பாரு."

மலையை விட்டுக் கீழே போக இருக்கிற ஒரே ஜீப்பையும் அவர் மகன்தான் ஓட்டுகிறான். போனும் பெரியப்பாவின் சட்டைப்பையில். யாரிடம் போவது?

உனக்கு நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை உன் கண் மஞ்சளானபோது தழை அரைத்துக் கொடுத்தார்கள். உப்பில்லை, எண்ணெயில்லை. தழை சாப்பிட்டு முடிக்கும்வரை இங்கிலீஷ் மருந்து தொடக்கூடாது என்று டிபி மாத்திரையையும் எடுத்து வைத்துவிட்டார்கள். கண் வெளுத்தது. தழைதான் காப்பாற்றியது என்று வைத்தியருக்குக் கோழி கொடுத்தோம்.

பத்தியம் முடிந்ததும் மொச்சைக் குழம்பு கேட்டு ஆசையாகச் சாப்பிட்டாய். மாத்திரையையும் மறுபடி ஆரம்பித்தாய். கொஞ்ச நாளில் கண் மறுபடி மஞ்சள். எல்லோரும் குழம்பைத் திட்டினார்கள். கண்ணமங்கலத்தில் ஒரு டாக்டர், "வேற மாத்திரை எதனா சாப்பிடுறாரா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றார் பெரியப்பா. நீயும் தலையாட்டினாய். ஏன் அப்பா? அந்த வாரமே போய்விட்டாயே.

மாத்திரையை நிறுத்தியதும் வெளுத்து, ஆரம்பித்ததும் மஞ்சளானது தழையாலா, குழம்பாலா, இல்லை மாத்திரையாலேயேவா?

இன்று அறிவியல் டீச்சரிடம் யாருக்கோ போலக் கேட்டேன்.

"தண்ணியால வந்தாலும் மாத்திரையால வந்தாலும் கண்ணு ஒரே மாதிரிதான்டி இருக்கும். ரத்தம் பாக்கணும், இன்னா மாத்திரை சாப்பிட்டாங்கன்னும் சொல்லணும். யாருக்கு?"

"சும்மா கேட்டேன் டீச்சர்."

உன்னைப் போலவே நானும் மறைத்துவிட்டேன் அப்பா.

அம்மா மாத்திரையை விடமாட்டேன் என்கிறாள். "பாதில நிறுத்துனா திரும்ப வந்துடும்னு நர்ஸம்மா சொல்லிக்கீது பாப்பா" என்கிறாள். அதே நர்ஸ் அக்கா, கண் மஞ்சளானால் உடனே நிறுத்திவிட்டுத் தன்னைக் கூப்பிடச் சொன்னதும் என் காதில் இருக்கிறது. அம்மா அப்போது இருமிக்கொண்டிருந்ததில் அவள் காதில் அது விழவில்லை. நாளையிலிருந்து வெறும் வயிற்றில் தழையும், பெரியப்பாவுக்குத் தெரியாமல் மாத்திரையும் சேர்த்தே விழுங்கப் போகிறாள்.

இது தண்ணீர்க் காமாலையாகவே இருந்தால்? நான் மாத்திரையை நிறுத்தி டிபி முற்றிவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மாவின் உயிர்தான் நிற்கிறது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்து சொல்லக்கூடியவர்களிடம் உண்மை போய்ச் சேரவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

மாத்திரை அட்டையை எடுத்து என் பையில் போட்டுவிட்டேன். காலையில் அம்மா தேடுவாள், அடித்தாலும் அடிப்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போனதும் டீச்சர் போனில் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு டிபி என்று வாய்விட்டுச் சொல்வேன். உன் கண் இரண்டு முறை மஞ்சளான கதையையும் சொல்வேன். பெண் பார்க்க வருகிறவர்கள் வராமல் போனால் பெரியப்பா எங்களை வெளியே தள்ளலாம். தள்ளட்டும்.

அம்மாவை இப்போதைக்கு உன்னிடம் அனுப்பமாட்டேன் அப்பா. கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவின் பக்கத்தில் படுத்திருக்கும்,
உன் பாப்பா