குமிழி அடங்கும் வரை

எதிர்வீட்டில் மாடி எடுக்கிறார்கள். இன்று காலை வாசலில் ஒரு தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பி, செங்கற்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த செங்கல் தண்ணீருக்குள் போனதும் ஒரு சத்தம் எழுமே, யாரோ வெயிலில் நடந்து வந்து மூச்சுவிடாமல் குடிப்பதுபோல, அந்தச் சத்தம். கூடவே நனைந்த மண்ணின் வாசம். அலுவலகத்துக்குப் புறப்பட்டு குடையோடு வாசலுக்கு வந்தவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

வேலையாள் ஒருவர் அவசரமாக ஒரு கல்லை வெளியே எடுத்தார். அதன் மேல் குமிழி இன்னும் வந்துகொண்டிருந்தது.

"குடிச்சி முடிக்கட்டுமேப்பா" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். சேலையும் குடையும் கைப்பையுமாக நிற்கும் ஒருத்தி சொல்லக்கூடிய பேச்சு அல்ல அது. என் பேச்சும் அல்ல, உங்களுடையது.

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை நான் ஒருநாளும் 'நீங்கள்' என்று கூப்பிட்டதில்லை. நம் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆனால் நான் பொதுப்பணி அலுவலகத்து மொழிபெயர்ப்பாளர், சென்னைக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்தவள். நீங்கள் சித்தாள், கலவையும் செங்கல்லும் சுமப்பவர். அதனால் நான் 'நீ' என்றேன். நீங்கள் என்னைப் பிரெஞ்சுக்காரியைக் கூப்பிடுவதுபோல 'மதாம்' என்றீர்கள், பாதி மரியாதையாகவும் பாதி கேலியாகவும். போன மழைக்காலத்தில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். உங்களிடம் நான் சொல்லவேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. படிக்கத் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் அந்த விஷயம் ஓர் எழுத்தைப் பற்றியது.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கட்டட வேலை பழக்க ஒரு வகுப்புத் தொடங்கும்படி எங்கள் அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது. ஓராண்டு பழகித் தேறினால் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் இருந்தால் மழை வந்ததும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், ஆண்டு முழுவதும் வேலை. அறிவிப்பைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு. நல்ல தமிழ் என்ற பெருமிதத்தோடு எழுதினேன்: 'கட்டட வேலை பழக விரும்பும் இளவயதினர் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சாரத்தருகே வந்து சேரவும்.'

அலுவலகத்தில் இருந்த எங்களுக்கு அப்போது ஊரில் ஒரே சாரம்தான். கடற்கரைப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த பள்ளிக்கட்டடத்தைச் சுற்றிச் சவுக்குக் கழிகளால் கட்டியிருந்தார்களே, அது. அந்தத் திங்கட்கிழமை ஏழு மணிக்கு எஞ்சினியரும் சவரி மேஸ்திரியும் நானும் அதன் கீழே போய் நின்றோம். ஏழரை ஆயிற்று, எட்டு ஆயிற்று. ஒருவரும் வரவில்லை.

"பாத்தீங்களா? இவங்களுக்குத் தொழில் கத்துக்க இஷ்டமில்ல. ஆளு வரலன்னு எழுதி அனுப்பிடலாம்" என்றார் எஞ்சினியர்.

எட்டரைக்குத் தெருமுனையில் ஒரு கூட்டம் தெரிந்தது. இருபது, இருபத்தைந்து இளைஞர்கள், புழுதிக் கால்களோடு. முன்னால், தலையில் சும்மாட்டைச் சுற்றியபடியே, நீங்கள்.

"மதாம்! இதுதான் உங்க சாரமா?" என்று தூரத்திலிருந்தே கத்தினீர்கள். "இதுங்க எல்லாம் விடிஞ்சதுலேர்ந்து எங்க சாரத்துல வந்து நிக்குதுங்க. பெரியவரு ஒருத்தரு கல்யாண ஊர்வலமான்னு கேக்குறாரு!"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் விளங்கியது. ஊருக்கு மேற்கே சாரம் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது, அங்கேதான் நீங்கள் குடியிருந்தீர்கள். என் அறிவிப்பைப் படித்தவர்கள் எல்லாரும் நேரே அங்கே போய் நின்றிருக்கிறார்கள். வேலைக்குப் புறப்பட்ட நீங்கள் கூட்டத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, அத்தனை பேரையும் ஊருக்குள் நடத்தி வந்துவிட்டீர்கள். அன்று நீங்கள் அந்த வழியாக வராமல் போயிருந்தால் அந்த வகுப்பே இல்லை.

எஞ்சினியருக்குச் சந்தோஷம். "வந்தவங்க எல்லார் பேரையும் எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். வரிசையின் கடைசியில் உங்கள் மகள் அஞ்சலை நின்றாள். பதினேழு வயது. தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் காலை நன்றாக ஊன்றிக்கொண்டு.

"இவளுமா?" என்றேன்.

"இளவயதினர்னு போட்டிருக்குதாமே. படிச்சவங்க சொன்னாங்க. இவளுக்கு என்னா, வயசாயிடுச்சா?"

நான் சிரித்துக்கொண்டே எழுதினேன்: அஞ்சலை.

சிரித்தது அவ்வளவுதான். அன்று மதியம் பட்டியலைப் பார்த்த எஞ்சினியர், "பொண்ணு பேரு ஒண்ணு இருக்கு. அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டடத்துக்குப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பேனாவை எடுத்தேன். 'அ'வின் மேல் கோடு விழுந்ததும் வாசலில் உங்கள் குரல் கேட்டது.

"மதாம், எம்பொண்ணு பேரு எழுத்துல எப்பிடி இருக்குதுன்னு ஒரு தடவ பாத்துக்கறேன்."

மேசைக்கு வந்து குனிந்தீர்கள். சிமெண்டு அரித்த விரலை அந்தப் பெயரின் அடியில் வைத்து நகர்த்தினீர்கள். முதல் எழுத்தில் விரல் நின்றது.

"இது என்னா கோடு?"

"எழுத்தே அப்படித்தான்" என்றேன்.

நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனீர்கள். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு நேரே கட்டடத்துக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே மேஸ்திரி, "ஒம்பொண்ணு பேர அடிச்சிட்டாங்களே" என்றதும், "யாரு சொன்னது? இப்பதான் பாத்துட்டு வரேன். மதாம்தான் பேரு இருக்குதுன்னு காட்டுனாங்க" என்று பிடித்துக்கொண்டீர்கள். பதிவேட்டோடு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வேலை நின்றிருந்தது. கொத்தனார்கள் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிச்சீங்களா, இல்லையா?" என்றார் எஞ்சினியர்.

"இன்னும் இல்லை" என்றேன். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"பொம்பள கொத்துக்கரண்டி புடிக்கிற வழக்கம் இல்லம்மா. நான் செய்யற சட்டமா இது?" என்றார் மேஸ்திரி. அவர் கெட்டவர் அல்ல. ஒரு பழக்கத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

நீங்கள் சாரத்தை நிமிர்ந்து பார்த்தீர்கள். "கலவச் சட்டிய தூக்கிக்கிட்டு அதுல ஒரு நாளைக்கு நாப்பது தடவ ஏறுறேன். சட்டியோட ஏறுனா சாரம் தாங்குது. கரண்டியோட ஏறுனா ஒடிஞ்சிடுமா?"

மேலே யாரோ சிரித்தார்கள். மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"சேந்தவங்க எல்லாரும் சனிக்கிழம ஆளுக்கு ஒரு துண்டுச் செவுரு கட்டட்டும்" என்றீர்கள். "எம்பொண்ணும் கட்டட்டும். திங்கக்கிழம தூக்குக்குண்டு வெச்சிப் பாருங்க. நூலு வெலகுனா அவ பேர அடிச்சிடுங்க. நானும் சட்டிய கவுத்து வெச்சிட்டு வீட்டுக்குப் போறேன்."

புருஷன் இல்லாத வீட்டில் அந்தச் சட்டி ஒன்றுதான் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். எஞ்சினியர் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்.

சனிக்கிழமை நீங்கள் மகளுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. போனால் நீங்கள்தான் கட்டிக்கொடுத்தீர்கள் என்பார்கள் என்று, தெருவின் அந்தப் பக்கம் எனக்கு அருகில் உட்கார்ந்துகொண்டீர்கள். பையன்கள் கரண்டியைக் கையில் வாங்கியதும் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சுவர்கள் முழங்காலளவு வந்துவிட்டன. அஞ்சலை மட்டும் தொட்டியருகில் குந்திக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"என்ன இவ, ஆரம்பிக்கவே மாட்டேங்கிறாளே?"

"குடிச்சி முடிக்கட்டும்" என்றீர்கள். "குமிழி அடங்கறதுக்குள்ள எடுத்தா, செங்கல்லு தாகத்தோட இருக்கும். கலவையில இருக்கிற தண்ணிய உறிஞ்சிடும். அப்புறம் கலவ வெறும் மண்ணு. பையனுங்களுக்கு அது எங்க தெரியும்? கல்லு நனைக்கிறது சித்தாளு வேலையாச்சே. இவ எங்கூட நனைச்சிப் பழகுனவ."

கண்ணை மகள்மேலிருந்து எடுக்காமல்தான் இதைச் சொன்னீர்கள். உங்கள் விரல்கள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தன.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த மேஸ்திரி வேலையிடத்தை எட்டிப் பார்த்தாராம். நீங்கள் குடத்தோடு நின்று சுவர்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தீர்களாம். மகளுடைய சுவருக்கு மட்டுமல்ல, எல்லாச் சுவருக்கும். இதை அவர் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து. "அன்னிக்கே எம்மனசு பாதி எறங்கிடுச்சிங்க" என்றார்.

திங்கட்கிழமை மேஸ்திரி, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு நூலை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார். பையன்களின் சுவர்களில் சில நேராக நின்றன, சில கோணின. அஞ்சலையின் சுவரிடம் வந்து நூலை விட்டார். அடியிலிருந்து மேல்வரிக்கு முந்திய வரி வரையில் சரியாக இருந்தது. மேல்வரியில், ஓரத்துக் கல்லில், ஒரு நூலளவு விலகல். மேஸ்திரி நூலைச் சுருட்டத் தொடங்கினார். அவர் கவனித்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நீங்கள்தான் சொன்னீர்கள். "ஓரத்துக் கல்லு வெலகி இருக்குது, மேஸ்திரி."

"அம்மா!" என்றாள் அஞ்சலை. எனக்கும் அப்படிக் கத்தத் தோன்றியது.

"இருக்குறத இருக்குதுன்னு சொல்லணும்டி. நாளைக்கு நீ கட்டுற செவுருதான் புள்ளைங்க தலைக்கு மேல கூரையத் தாங்கும்."

உங்கள் கலவைச் சட்டி ஓரமாக இருந்தது. அதை எடுத்துக் கவிழ்க்கக் குனிந்தீர்கள்.

"இரு" என்றார் மேஸ்திரி. "அந்த ஒத்தக் கல்ல எடுத்துத் திருப்பி வெக்கச் சொல்லிப் பாப்போம்." குனிந்து அவரே அந்தக் கல்லைப் பிடித்து அசைத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை. பக்கத்துச் சுவருக்குப் போய் ஒரு கல்லைத் தொட்டார், கையோடு வந்தது. அடுத்த சுவரிலும் வந்தது. நேராக நின்ற சுவரிலும் வந்தது. மறுபடி அஞ்சலையின் சுவருக்கு வந்து, இடுப்பில் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"சுத்தியல் எடுத்தாரட்டா மேஸ்திரி?" என்று கேட்டீர்கள், மரியாதையான குரலில். எஞ்சினியர் முதற்கொண்டு எல்லாரும் சிரித்துவிட்டோம்.

மேஸ்திரி கைத்தூசியைத் தட்டிக்கொண்டு எஞ்சினியரைப் பார்த்தார்; அவர் சரியென்று தலையசைத்ததும் என்னிடம் திரும்பினார். "பேரு இருக்கட்டும்மா. நேரா வெக்கறதை நான் பழக்கிடுவேன். இவனுங்களுக்கு ஒரு மாசம் கல்லு நனைக்க யாரு பழக்கறது?" பிறகு உங்களைப் பார்த்தார். "நீதான் வரணும்."

அந்த மாதம் முழுவதும் பையன்கள் உங்கள் தொட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

ஓராண்டு கழித்துச் சான்றிதழ்களில் பெயர் எழுதியவளும் நான்தான். அஞ்சலைக்கு என் கையால் கொடுத்தேன். அவளிடமிருந்து வாங்கி நீங்கள் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தினீர்கள். முதல் எழுத்திலேயே விரல் நின்றது.

"இதுல அந்தக் கோடு இல்லையே, மதாம்?"

ஓராண்டாக அந்த எழுத்தை அந்தக் கோட்டோடு நினைவில் வைத்திருந்திருக்கிறீர்கள். மண்ணில் எழுதிப் பார்த்திருப்பீர்களோ என்னவோ. நான், "இது அச்சு மாதிரி எழுதறது, அதுல வராது" என்று இன்னொரு பொய்யைச் சொன்னேன். ஒரு பொய்யின் மேல் இன்னொன்று, நனையாத கல்லின் மேல் நனையாத கல். நீங்கள் நம்பினீர்களா? என்னைச் சற்று நேரம் பார்த்தீர்கள். பிறகு, "இதுவும் அழகாத்தான் இருக்குது" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஐந்து மழைக்காலம் போயிற்று. எந்த மழையிலும் அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒவ்வொரு முறையும் உங்களைப் பார்க்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், சொல்லாமலே பேசிவிட்டு வருவேன்.

அது எழுத்தின் கோடு அல்ல. நான் போட்டது. உங்கள் மகளின் பெயரை அடிக்கச் சொன்னார்கள், ஒரு வார்த்தை கேட்காமல் அடிக்கத் தொடங்கினேன். நீங்கள் வாசலில் வந்து நின்றதால் ஓர் எழுத்தோடு நின்றது. ஒரு நூலளவு விலகியதை, யாரும் கேட்பதற்கு முன்னால், உங்கள் பிழைப்பையே பணயமாக வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள். நான் படித்தவள், என்னால் முடியவில்லை. இப்போது யாராவது ஒரு பெயரை அடிக்கச் சொன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஏன் என்று கேட்கிறேன். எஞ்சினியர் எரிச்சல்படுகிறார். படட்டும்.

அஞ்சலை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் இப்போது. உங்களுக்கு இதைப் படித்துக்காட்ட அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? முதலில் அவளுக்குத்தான் தெரியவேண்டும், பெயர் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாரத்துக்குப் போகிறேன். உங்கள் சாரத்துக்கு.