போடி ஜீப்பா, ஆஸ்பத்திரி அட்டையா

அம்மா,

இன்று காலை பைப்படியில் செல்லத்தாயி அத்தையின் கையிலிருந்து மிக்சர் பாட்டில் நழுவி விழுந்து உடைந்தது. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் உனக்கு ஊற்றிக் கொடுத்த அதே சிவப்பு மருந்து. சோம்பும் ஸ்பிரிட்டும் கலந்தது போன்ற அந்த வாசனை ஈரத் தரையிலிருந்து கிளம்பியதும் நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். குடத்தை வைத்தேன். வெளியே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் மறுபடி உள்ளே வந்தேன். நீ போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று ஞாயிறு, கொழுந்தெடுக்கும் வேலை இல்லை. எழுதினாலாவது உட்கார்ந்திருப்பேன் என்று எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற கையெழுத்து. நீ இருந்தபோதே உனக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், இதை மட்டும் யார் வாசித்துக் காட்டுவது?

உன் வயதுக் கதை எனக்கு மனப்பாடம். உன் ஆத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அரை ஆள் கூலி. கங்காணி உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பதினெட்டுன்னு சொல்லு புள்ள, பெரியாள் பேரு போட்டுத் தாரேன்” என்றாராம். துரை வந்து பார்த்தபோது நீ சேலையைத் தழையக் கட்டிக்கொண்டு உள்ளே குதிகாலைத் தூக்கி நின்றாயாம். பக்கத்திலிருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டார்களாம். நம் லயத்து வரிசை வீடுகளில் உன் வயதுக்காரிகளில் பாதிப்பேர் அப்படிக் குதிகாலைத் தூக்கி நின்று பெரியாள் ஆனவர்கள்தான். கூடுதலாகக் கிடைத்த கூலி அன்றன்றைக்கே கஞ்சியாகிவிட்டது. கூட்டிச் சொன்ன வயது மட்டும் கம்பெனியில் கரையாமல் இருந்தது.

அதனால்தான் உனக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, இனி வேலை கிடையாது என்று தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டக்டர் சொன்னபோது லயமே சிரித்தது. “மழை பிடிக்கும் முன்ன ஒனக்குப் பேரு வெட்டு, பாத்துக்க” என்றார் அவர். நீ கூடையை இறக்கி வைத்துவிட்டு, “கம்பெனிக்குத்தான்யா நான் கெழவி, எனக்கு நான் இன்னும் கொமரிதான்” என்றாய். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாய். அந்த இளைப்புக்கு மட்டும் வயதைக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது.

அப்பா போன பிறகு நாம் இரண்டு பேர்தான். உன் பேரை வெட்டினால் என் பேரைப் போடுவார்கள். அதனால் வீடு தங்கும், டிஸ்பென்சரி மருந்தும் தங்கும். ஆனால் கீழே டவுனில் இருக்கிற கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டில் வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான், உனக்குக் கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் உன் நெஞ்சு மிக்சரில் அடங்காமல், அந்தக் கட்டிலில் படுத்து ஊசி போட்டுக்கொண்டுதான் எழுந்து வருவாய். அது இல்லையென்றால் என்ன செய்வது என்பதுதான் அந்தக் கோடை முழுக்க நம் வீட்டில் பேச்சு.

வழி இரண்டு இருந்தது. ஒன்று, முத்தையா சித்தப்பா நடத்தும் ஜீப் சங்கம். லயத்து வீடுகள் மாதாமாதம் போடும் பணத்தில், யாருக்காவது முடியாமல் போனால், வீட்டு ஆள் ஓடிவந்து கூப்பிட, ஆட்கள் கூடித் தோளில் தூக்கிவந்து ஜீப் பிடித்து, மெட்டு இறங்கி, போடியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி மருந்தும் வாங்கித் தருவார்கள். இன்னொன்று, கம்பெனியின் ஆஸ்பத்திரி அட்டை. வேலை முடியும்போது வரும் சர்வீஸ் பணத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் கடைசிவரை கட்டில் உண்டு, கம்பவுண்டர் சொன்னால் வண்டியும் வரும். இரண்டையும் எடுக்க நம்மால் ஆகாது. எதுவானாலும் பேர் வெட்டுவதற்கு முன்னால் சேர்ந்துவிட வேண்டும். படுத்த பிறகு வந்து கேட்டால் இரண்டு இடத்திலும் கதவு அடைத்துவிடும்.

லயத்தில் எல்லோரும் ஜீப் பக்கம். போடி என்றால் நம் ஊர், நம் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் செல்லத்தாயி அத்தையும் வந்து உட்கார்ந்து உன்னைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா?

“மதினி, நீங்க அந்த ஆஸ்பத்திரில போயி ‘எளைக்குது’ம்பீக. நர்சம்மா மலையாளத்துல ‘எந்தா?’ங்கும். நீங்க திரும்ப ‘எளைக்குது’ம்பீக, அது திரும்ப ‘எந்தா?’ங்கும். அதுக்குள்ள எளைப்பு நின்னுரும், கூடவே நீங்களும் நின்னுருவீக” என்றார் சித்தப்பா.

“ஒங்க ஜீப்பு மட்டும் பறக்குமாக்கும்? மெட்டுல ஒரு மரம் விழுந்தா அங்கயே நின்னு பீடி குடிப்பீக” என்றாய் நீ.

“நின்னாலும் நம்ம ஆளுக மத்தியில நிக்கலாம்ல மதினி? அங்கன போயி ஒத்தையில கெடக்கவா?” என்றாள் அத்தை.

அடுப்பில் பாலில்லாத கட்டன் சாயா கொதித்து வழிந்தது. நான் அதைப் பார்க்கிற சாக்கில் உள்ளேயே நின்றுகொண்டேன். ஆட்கள் வந்தால் எனக்கு அடுப்படிதானே இடம்.

அதற்குப் பிறகு உன் கால் நிற்கவில்லை. வேலை விட்டு வந்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டதும் கிளம்பிவிடுவாய். இந்த வீட்டில் போய்க் கேட்பாய், அந்த வீட்டில் போய்க் கேட்பாய். போன மழையில் போடிக்குப் போய்வந்தவர்களைக் கேட்டாய். கம்பெனிக் கட்டிலில் கிடந்து வந்தவர்களைக் கேட்டாய். சாயங்காலம் ஜீப்புக்கு மனம் வைத்துவிட்டு வருவாய், காலையில் அட்டை என்பாய். “நீ என்னா புள்ள சொல்லுத?” என்று என்னையும் கேட்டாய். “நீ சொல்றதுதாம்மா” என்றேன். “நான் எதையும் சொல்லலியேடி” என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

பேர் வெட்டுக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், சித்தப்பாவைக் கூட்டி வரச் சொல்லி என்னை அனுப்பினாய். கூப்பிடு தூரம்தான். அவர் வீட்டு முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலோரம் நின்றேன். யாராவது நிமிர்ந்து பார்த்தால் சொல்லிவிடலாம் என்று நின்றேன். யாரும் பார்க்கவில்லை. சித்தப்பா என்ற வார்த்தை தொண்டைக்கு வந்து வந்து போனது. திரும்பி வந்து, “ஆளுக நெறைய இருக்காகம்மா” என்றேன்.

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். “சரி, போயி சோத்தத் தின்னு” என்றாய்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போய் அட்டைக்குக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாய். அத்தனை நாள் ஆட்டம் ஒரே காலையில் முடிந்துவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி. கட்டிலும் ஊசியும் பழகிய இடம், அதனால் எடுத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். லயத்தில் பேசத்தான் செய்தார்கள். “எங்க தோளு அவுகளுக்கு ஆகல, கம்பெனி மெத்தைதான் இனிக்குது” என்று சித்தப்பா பைப்படியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நீ குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “ஆமா, ஒங்க தோளுல பீடி நாத்தம்” என்று சொல்லிவிட்டு வந்தாய். அதற்கப்புறம் அவர் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆடி மழையில் அந்தக் காலை வந்தது. விடிந்து வெகுநேரம் ஆகியும் நீ சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாய். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. மிக்சர் உள்ளே நிற்கவில்லை. நான் அட்டையை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். நீட்டினேன். கம்பவுண்டர் பார்த்துவிட்டு உள்ளே போய் ஃபோன் செய்தார். வண்டி வந்தது. அதுவரை நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. நீ நினைத்தபடியே எல்லாம் நடந்தது, அம்மா. வார்டு வாசல்வரைக்கும்.

அங்கே எல்லாமே கேட்டால்தான் கிடைத்தது. வெந்நீர் எங்கே, ஊசி எப்போது, டாக்டர் வருவாரா மாட்டாரா, எல்லாம் கேட்க வேண்டும், அதுவும் மலையாளத்தில். இதற்கு முன்னால் நீ படுத்தபோதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் நம் எஸ்டேட் பெண்கள் யாராவது இருப்பார்கள், உன் வேலையை அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். இந்தத் தடவை யாருமில்லை. காலையில் இருந்த சிஸ்டர் மாறி வேறொருத்தி வந்தாள். மத்தியானம் உன் உதடு நிறம் மாறியது. என் கையைப் பிடித்திருந்த உன் விரல்கள் தளர்ந்தன.

நான் எழுந்து சிஸ்டர்கள் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே நாலைந்து பேர். ஒருத்தி தலையைத் தூக்கி, “எந்தா கொச்சே?” என்றாள். எனக்கு வாய் வரவில்லை. அவள் மறுபடி குனிந்துகொண்டாள். பின்னாலிருந்து உன் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

“சிஸ்டரே! அம்மக்கு ஸ்வாசம் கிட்டணில்லா!”

நான்தான் கத்தினேன், அம்மாவுக்கு மூச்சு வரவில்லை என்று, காதில் விழுந்து பழகிய மலையாளத்தில். வார்டே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் எழுந்து ஓடி வந்தார்கள். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வந்தார். சாயங்காலம் உன் உதட்டில் நிறம் திரும்பியது. நீ மூக்கில் வைத்திருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கி, “ஏ புள்ள, அது ஒன் சத்தமாடி?” என்று கேட்டாய். “ஆமாம்மா” என்றேன். “மெட்டு வரைக்கும் கேட்டிருக்கும்” என்று சிரித்தாய். சிரிப்பில் இருமல் வந்துவிட்டது, நான் பயந்துபோனேன்.

அதற்குப் பிறகு சில நாள் இருந்தாய். கஞ்சி குடித்தாய். சிஸ்டரிடம் சர்க்கரை கேட்டு வாங்கி வரச் சொல்லி என்னைத் துரத்தினாய். ஒரு பகல் நான் டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பினேன். நீ எழவில்லை.

அட்டையில் கட்டிலுக்கு இடம் உண்டு. உன்னை லயத்துக்குக் கொண்டுவர இடம் இல்லை. கொழுந்து லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன். முத்தையா சித்தப்பாதான் ஜீப்போடு வந்தார். “நாங்க சங்கத்துல இல்லியே சித்தப்பா” என்றேன். “சங்கம் கெடக்கு. நீ தலமாட்டப் பிடி” என்றார்.

காரியம் முடிந்த பிறகு செல்லத்தாயி அத்தை என் தலையைச் சீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். “அட்டையக் காட்டுனாப் போதும், வண்டி தானா வந்துரும். எம்புள்ள ஒரு வாசல்லயும் நின்னு ஆளுகளக் கூப்புட வேணாம்னுதான் ஒங்கம்மா அத எடுத்தா. ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது. உன் நெஞ்சுக்காக எடுத்தாய் என்றுதான் இருந்தேன். என் வாய்க்காக எடுத்திருக்கிறாய். அன்று சித்தப்பாவை நீ எதற்குக் கூட்டி வரச் சொன்னாய் என்று அப்போதுதான் புரிந்தது. சங்கம் என்றால் சாகக் கிடக்கிறவளை விட்டுவிட்டு வீடு வீடாக ஓடி ஆள் திரட்ட வேண்டும், அது என்னால் ஆகாது என்று பார்த்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் அதைவிட அதிகம் பேச வேண்டும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியாமல் போய்விட்டது.

அப்போதிருந்துதான் இந்த நிலைகொள்ளாமை. போடிக்குப் போயிருந்தால் நீ இருந்திருப்பாயா? அந்த வாரம் மெட்டுக்குக் கீழே மரம் விழுந்து கிடந்ததாம். லாரி டிரைவர்களைக் கேட்டேன். ஒருவர் மத்தியானத்துக்குள் வழி விட்டார்கள் என்றார். இன்னொருவர் மறுநாள்தான் என்றார். மூன்றாமவர் அந்த வாரமே இல்லை, அடுத்த வாரம் என்றார். பார்க்கிறவர்களை எல்லாம் கேட்கிறேன். ஆட்களோடு இத்தனை பேச்சு நான் ஜென்மத்தில் பேசியதில்லை.

செல்லத்தாயி அத்தைக்கும் அடுத்த மாதம் பேர் வெட்டு. அவளும் குதிகாலைத் தூக்கி நின்றவள்தான். பாட்டில் உடைந்த சங்கடத்தோடு சற்று முன்னால் வந்து உட்கார்ந்தாள். “ஜீப்பா, அட்டையா? நீ பாத்தவ, நீயே சொல்லு ஆத்தா” என்றாள். ஜீப் என்றால் எந்த மழையில் போகும், அட்டை என்றால் எதற்கெல்லாம் செல்லாது என்று நாளைக்குச் சித்தப்பாவிடமும் ஆபீசிலும் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

“ரெண்டுல எதுன்னாலும், கூட யாரு வருவா அத்தை?” என்று கேட்டேன்.

“இதென்னடி கேள்வி? நீதான்” என்றாள்.

அத்தை போய்விட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருக்கிறேன். கூச்சம் எங்கும் போய்விடவில்லை, அம்மா. ஆபீஸ் வாசலில் நாளைக்கும் தயங்கித்தான் நிற்பேன். ஆனால் வேண்டிய நேரத்தில் அந்தச் சத்தம் வரும் என்று தெரியும். அதை முதலில் கேட்டவள் நீ. உனக்கு அது நேரத்தோடு வந்ததா என்பதுதான் தெரியவில்லை.