இடது கைக்கு வந்த வளையம்

அத்தை,

இன்று சாயங்காலம் பரண் மேல் ஏறி உன் வளையத்தை எடுத்துவிட்டேன். பழைய சாக்குக்கு அடியில் அப்பா அதை ஒளித்து வைத்திருந்தார். ரப்பர் வாசனையோடு நீ தோளில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனையும் இன்னும் போகாமல் இருக்கிறது. இப்போது அது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா தறிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். அவர் புரளும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது.

நாளைக் காலை எனக்கு டென்னிகாய்ட் வளையப் போட்டி. பள்ளிக்காக ஆடுகிறேன். அதுவும் நீ கடைசியாக ஆடிய அதே மைதானத்தில். அப்பாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லியிருக்கிறேன். நீ போன பிறகு அவர், "தோள் போச்சு, ஒடம்பு போச்சு, ஆளும் போச்சு. இனிமே இந்த வீட்ல யாரும் வளையத்தத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். உன்னைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலை என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

வீட்டில் தெரிந்தால் எல்லாம் முடிந்தது என்ற பயத்தில்தான் இரண்டு மாதமாக இருக்கிறேன். தெரிந்துவிடுமோ என்ற இதே பயம் எனக்கு முன்பும் ஒரு தடவை வந்தது. அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

உனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. டெலிபோன் ஆபீசுக்காகப் பதினெட்டு வருஷம் ஆடியிருந்தாய். வேலை கிடைத்ததே ஆட்டத்தால்தான். தெருவில் ஒரு அக்கா வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்: "இந்த வயசுல சின்னப் பொண்ணுங்களோட வளையம் வீசிக்கினு இருக்கியே, வெக்கமா இல்ல?" நீ சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னாய்: "எனக்கு இன்னாத்துக்கா வெக்கம்? தோத்துப்போற அதுங்களுக்குத்தான் வெக்கமா இருக்குது."

ஆனால் அந்த வருஷம் உன் வலது கை காதுக்கு மேல் எழும்பவில்லை. வீட்டில் அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். தலை வாரும்போது சீப்பு இடது கைக்குப் போயிருந்தது. சொம்பைக்கூட இடது கையால் தூக்கினாய். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வாயத் தொறந்தே, தெச்சுடுவேன். இதான் கடைசி வருஷம். ஆடிட்டு நானே நிறுத்திக்கிறேன்" என்றாய்.

நான் வாயைத் திறந்துவிட்டேன், அத்தை. மறுவாரமே வகுப்பில் வசந்தியிடம் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். "எங்க அத்தைக்கு ஒரு கை தூக்கவே வராது, அப்பவும் ஃபைனலுக்கு வந்துட்டாங்க, தெரியுமா?" என்றேன். செங்கல்பட்டு ஆபீசிலிருந்து உன்னோடு இறுதி ஆட்டம் ஆடப்போகிறவள் வசந்தியின் சித்தி என்று எனக்குத் தெரியாது.

அன்று வலைக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு உன் வயதில் பாதிதான் இருக்கும். முதல் வளையம் உன் வலது தோளுக்கு மேலே உயரமாக வந்தது. அடுத்ததும் அங்கேதான். ஐந்தாவதும் அங்கேயே வந்தபோது வசந்தியிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த வசந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே திருப்பி வீச வேண்டும் என்ற விதி அன்றைக்கு எனக்குக் கொடுமையாகத் தோன்றியது. நீ எட்டினாய், கை பாதியில் நின்றது, வளையம் மண்ணில் விழுந்தது. முதல் ஆட்டம் போய்விட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தேன்.

இரண்டாவது ஆட்டத்தில் நீ இருந்த இடத்தை விட்டு நகர்ந்தாய். வலது கோட்டை ஒட்டிப் போய் நின்றுகொண்டாய். இடது பக்கம் முழுவதும் காலி. "இன்னா ஆச்சு இந்தம்மாவுக்கு, கோடு தெரியலியா?" என்று என் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆனால் அவள் பழகிய இடத்துக்கே உயர வீசினாள். இப்போது அது உன் இடது கைக்கு வந்தது. நீ பிடித்து, திருப்பி, அவள் காலடியில் போட்டாய். மறுபடியும் அங்கேயே வீசினாள். மறுபடியும் போட்டாய். கடைசியில் அவளுக்குப் புரிந்து, காலியாக இருந்த பக்கம் வீசினாள். அந்த வளையத்துக்காகவே காத்திருந்தவள் மாதிரி நாலே எட்டில் போய், கையை நீட்டி எடுத்தாய்.

அந்த இடது கை எங்கே பழகியது என்று கூட்டத்தில் எனக்குத்தான் தெரியும். அப்பாவின் தறியில், கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு, அவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். அந்த மூலையில் வலது கையைச் சுவர் இடிக்கும், இடது கைக்குத்தான் இடம். பத்து வயதிலிருந்து வேலை கிடைக்கும்வரை நீ உட்கார்ந்த இடம் அது. இப்போது லீவு நாளில் நான் உட்காருகிறேன்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் நீ ஜெயித்தாய். கோப்பையை என் கையில் கொடுத்தாய். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சொன்னாய்:

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் ஆடினா. ஆனா ஒரே எடத்துக்கே போட்டுக்கினு இருந்தா. யாரோ சொல்லி அனுப்பிக்கிறாங்க."

நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னவங்க யாரோ, அவங்களுக்கு ஒரு சோடா வாங்கித் தரணும். அவ எங்க போடுவான்னு தேடற வேலையே எனக்கு இல்லாமப் போச்சு பாரு."

சிரித்துக்கொண்டே பெட்டிக்கடைக்குப் போனாய். சோடா குடித்தால் தொண்டை கட்டும் என்று எனக்கு ஒருநாளும் வாங்கித் தராதவள், ஒரே ஒரு பாட்டில் வாங்கிவந்து என்னிடம் நீட்டினாய். "குடிம்மா. ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

குடித்தேன். மூக்கெல்லாம் எரிந்தது. நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நீயும் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. இருந்தும் நான் சொல்லவில்லை. சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வருஷப் போட்டிக்கு நீ இல்லை.

நான்தான் சொன்னேன், அத்தை.

உன் தோள் முடியாதது எதிரே நின்றவளுக்குத் தெரிந்த பிறகும் நீ ஜெயித்தாய். ஒரு எட்டுத் தள்ளி நின்றாய், அவ்வளவுதான். அதனால் நாளைக்கு நான் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போகப்போவதில்லை. காலையில் அப்பா காபி குடிக்கும்போது, போட்டிக்குப் போகிறேன் என்று சொல்லப்போகிறேன். கத்துவார். கத்தட்டும். "அத்தையை ஜெயிக்க வெச்ச கை ஒன் தறியில பழகின கைப்பா. எனக்கும் அதே மூலையிலதான் பழகிக்கினு இருக்குது" என்று சொல்வேன். அதற்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் பக்கம் நான் வீசப்போகும் வளையம் எங்கே விழும் என்று தெரியும்.

தலையணைக்குக் கீழே இனி அதற்கு வேலை இல்லை. விளக்கை அணைக்கும் முன் உன் வளையத்தைக் கொண்டுபோய், காலையில் அப்பா முதலில் வந்து உட்காரும் தறிப் பலகை மேல் வைக்கப்போகிறேன்.