ஸிப் டிரைவ் பதில் சொன்ன பின்னேரம்

வவுனியா, உறவுகளைத் தேடிக் கொடுக்கும் அலுவலகம். ஆவணி 2000, செவ்வாய்.

இல்லை, பொறுமை எனக்கில்லை. கணினிக்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட்டுக்குத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுவர் இல்லப் படங்கள் இருந்த ஸிப் டிஸ்க்கை நானே திறக்கப் போனால் கணினி உறைந்தது. டிரைவ் டக் டக்கென்று அடித்தது. இடப்பெயர்வில் மகனைத் தவறவிட்டு, மல்லாவியிலிருந்து தேடி வந்த அக்காவுக்கு வவுனியாவில் தங்கக் கொடுத்த பாஸ் இன்றோடு முடிகிறது. ஒவ்வொரு டிரைவையும் 'இருக்கிறாயா, தயாரா' என்று ஓயாமல் கேட்கும்படி அந்த ஸ்கிரிப்ட்டை எழுதி ஓடவிட்டேன்.

"என்ன பிள்ளை, இடாப்புக் கூப்பிடுறீரோ?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா, வகுப்பில பேர் கூப்பிடுற மாதிரித்தான். ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை."

பின்னேரம் திரையில் ஒரு வரி வந்தது: கழற்றக்கூடிய டிரைவ், தயார். எனக்குப் புல்லரித்தது. ஒரு பெட்டி, தன்னோடு இன்னொன்று சேர்ந்ததை அறிந்து சொன்னது.

படங்களைத் திறந்தேன். ஒன்றில் அக்கா விரல் வைத்தார்.

"வளந்திட்டான்."

படத்தை அச்சிட்டுக் கொடுத்து, அக்காவை ஊர் திரும்ப பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஸ்கிரிப்ட் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.